'எ மேன் கால்டு ஊவே' கிளைமாக்ஸ்: அள்ளாத பனி சொல்வது என்ன?

(ஸ்பாய்லர் அலர்ட்: படம் பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கலாம்!)

வீட்டு வாசல்ல பனி அள்ளாம அப்படியே கிடக்கு. அதைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டு பர்வானே பதறி ஓடுறாங்க. ஊவே இறந்துட்டார்னு நமக்கும் அப்பவே புரிஞ்சிடுது. ஹன்னஸ் ஹோல்ம் இயக்கி 2015-ல் வெளியான இந்த ஸ்வீடன் காமெடிப் படத்தின் முடிவு இதுதான். ஏன் இப்படி ஒரு முடிவு?

யார் இந்த ஊவே?

வயசு 59. 43 வருஷம் பார்த்த வேலை போயிடுச்சு. மனைவி சோனியாவும் உயிரோட இல்லை. தினமும் காலனியை ரவுண்ட்ஸ் வந்து, கண்ணில் படுற எல்லார்கிட்டயும் சண்டை போடுற ஆள். ஒரு கட்டத்தில் தானும் போய்ச் சேர்ந்திடலாம்னு முடிவெடுக்கிறார். ஆனா, ஒவ்வொரு முறையும் யாராவது குறுக்கே வந்துடுறாங்க. ஏணி வேணும், கார் ஓட்டக் கத்துக்கொடுங்கன்னு ஏதோ ஒரு வேலை. அரைகுறை வேலையைப் பார்த்தாலே கடுப்பாகிற மனுஷன், திட்டிக்கிட்டே போய் செஞ்சு கொடுக்கிறார். படத்தின் சிரிப்பு மொத்தமும் இங்கேதான்.

கைவேலைதான் பாசம்

ஒரு பஸ் விபத்தில் வயித்துல இருந்த குழந்தையை இழக்கும் சோனியா, அதுக்கப்புறம் வீல்சேரில்தான். ஆசிரியர் வேலைக்குப் போகணும்னா பள்ளியில் சாய்தளம் வேணும். அதிகாரிகளுக்கு எழுதி எழுதிப் பார்த்த ஊவே, கடைசியில் ராத்திரியோட ராத்திரியா தானே கட்டிடுறார். பிறக்காமலே போன குழந்தைக்குச் செஞ்ச தொட்டில், பல வருஷம் கழிச்சு பர்வானேவின் குழந்தைக்குப் போகுது.

டாக்டர் சொன்ன காமெடி

ஊவேவுக்கு இதயம் பெருசா இருக்குன்னு டாக்டர் சொல்ல, பர்வானே விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. ஊரையே திட்டுறவருக்குப் பெரிய மனசாம்! ஆனா, கடைசியில் அவர் உயிரை எடுக்கிறதும் அதே இதயம்தான்.

அப்போ பனி?

படத்தின் தொடக்கத்துல ஊவே இறந்திருந்தா, விஷயம் வெளியே தெரிய எத்தனை நாள் ஆகியிருக்கும்? யோசிச்சுப் பாருங்க. கடைசியில் அது ஒரே காலையில் தெரிஞ்சிடுது. அவர் வாசலைக் கவனிக்க இப்போ ஒரு ஆள் இருக்காங்க. எளிமையா நடத்தச் சொன்ன இறுதிச்சடங்குக்கும் கூட்டம் கூடிடுது.

அடுத்த காட்சியில், சோனியாவை முதன்முதலா சந்திச்ச அதே ரயிலில் ஊவே கண் விழிக்கிறார். எதிரே சோனியா. சாகணும்னு அவர் தவிச்சப்போ கிடைக்காத நிம்மதி, நாலு பேருக்காக வாழ்ந்து முடிச்ச பிறகு கிடைக்குது.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால், டெலி-மானஸ் உதவி எண் 14416-ல் 24 மணி நேரமும் பேசலாம்.)