18 மணி நேர விமானமும் நமது வண்டி வாடகையும்



நடுவில் எங்கும் இறங்காமல் பறக்கும் விமானத் தடங்களில் மிக நீளமானவற்றுள் ஒன்று சிங்கப்பூர் – நியூயார்க். தூரம் சுமார் 15,350 கிலோ மீட்டர். பயணம் 18 மணி நேரத்துக்கும் மேல். மளிகை வியாபாரிக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நமது கொள்முதல் கணக்கே இதில் இருக்கிறது.

முதலில் தூரம். இரு நகரங்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 89 டிகிரி, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49 டிகிரி, ஆக 138. டிகிரிக்கு 111 கிலோ மீட்டர் என்று பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். ஆனால் விமானம் பெரும்பாலும் காற்றின் போக்கைப் பார்த்துச் சுற்றித்தான் செல்லும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்.

அடுத்து நேரம். கோடைக்காலத்தில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூரை விட 12 மணி பின்தங்கியிருக்கும். நள்ளிரவு 12-க்குக் கிளம்பி 18 மணி நேரம் பறந்தால், அங்கே அதே தேதியில் காலை 6 மணி! சீட்டில் உள்ள மணியை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நியூயார்க்கை அடுத்த நூவர்க் விமான நிலையத்துக்கு நேர் விமானம் விட்டது. நான்கு என்ஜின் விமானம். 2008-ல் இருக்கைகளை நூறாகக் குறைத்து, எல்லாவற்றையும் உயர் வகுப்பாக்கினார்கள். அப்படியும் எரிபொருள் செலவு விழுங்கியதால் 2013-ல் நிறுத்திவிட்டார்கள். நீண்ட தூரம் போக நிறைய எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவே மேலும் எரிபொருள் வேண்டும். இதுதான் காரணம்.

2018-ல் மீண்டும் தொடங்கினார்கள். இப்போது இரண்டே என்ஜின். கொள்ளளவு 1,65,000 லிட்டர். எடையைக் குறைக்க 161 இருக்கைகள் மட்டும். முன்பக்கச் சரக்கு அறையையே மூடிவிட்டார்கள். வழியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கிச் செல்வதை விட நான்கைந்து மணி நேரம் மிச்சம். அந்த நேரத்துக்குக் கூடுதல் விலை தரும் பயணி இருப்பதால் தடம் ஓடுகிறது.

கவனியுங்கள்: ஊர்களுக்கு இடையே ஒரு கிலோ மீட்டர்கூடக் குறையவில்லை. வண்டியும் சுமையும்தான் மாறின.

நம்மில் சிலர் வெளியூர் மண்டியில் கிலோவுக்கு 2 ரூபாய் குறைவு என்று சின்ன வண்டி பிடித்துப் போகிறார்கள். 2 டன் பருப்பு எடுத்தால் மிச்சம் 4,000 ரூபாய். வாடகை, சுங்கம், ஏற்றுகூலி, இறக்குகூலி, ஓட்டுநர் பேட்டா, இரண்டு நாள் கடையடைப்பு ஆகியவற்றை அதில் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் கைக்காசுதான் போகும். அதே ஊருக்கு நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து முழு லாரி அனுப்பினால் கிலோவுக்கு விழும் வாடகை இறங்கும். கடையையும் மூட வேண்டாம்.

ஆகவே மண்டி விலையைக் கேட்டதும் வண்டி பேசாதீர்கள். சரக்கு நம் கடை வாசலில் இறங்கும்போது கிலோ என்ன விலை என்பதை எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.