மல்லாரியை வரையும் பிள்ளைகள்

புத்தூர்ப் பக்கத்துக் கோயில்களில் திருவிழாக் காலத்தில் சுவாமி வீதியுலா புறப்படுகையில் நாதஸ்வரத்தில் மல்லாரி எழும். ராகம் கம்பீரநாட்டை, சாகித்தியம் கிடையாது, கூடவே தவில். மேளச் சத்தத்துக்கு ஓடி வரும் பிள்ளைகளுக்கு இது பழகிய ஓசைதான். ஆனால் அதே சுரக்கோவை முதலில் நிதானமாக, அடுத்து இரட்டை வேகத்தில், பிறகு அதற்கும் இரட்டிப்பாக வருவதை அவர்கள் பிரித்துக் கேட்பது அரிது.

அதைக் காதில் விழச் செய்ய ஒரு கொப்பித் தாளும் நிறப் பென்சில்களும் போதும்.

தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் என்று வரைய வேண்டும். முதல் வரிசையில் கட்டத்துக்கு ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. மல்லாரி ஒலிக்கும்போது பிள்ளையின் விரல் கட்டம் கட்டமாக நகரும். விரலின் வேகம் மாறாது. புள்ளிகள்தான் நெருங்கிக்கொண்டே போகும். மூன்று காலம் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

இசையைக் கேட்டபடியே கண்ணாலும் விரலாலும் பின்தொடர உதவும் இத்தகைய படத்தைக் கேட்டல் வரைபடம் எனலாம். மேலைநாட்டு வகுப்பறைகளில் இது நன்கு பழகியது. நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் ‘மலையரசனின் மண்டபத்தில்’ அங்கே ஆசிரியர்களுக்குப் பிடித்த பாடம்: ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் வேகமும் சத்தமும் கூடும். பெரியவர்களுக்கும் இப்படியொரு படம் உண்டு. இசையமைப்பாளர் லிகெட்டி 1958இல் உருவாக்கிய ‘ஆர்ட்டிகுலாட்சியோன்’ என்ற மின்னணு இசையைக் கேட்டுத் தொடர்வதற்காக, 1970இல் வரைகலைஞர் ரைனர் வேஹிங்கர் வண்ண வடிவங்களால் ஒரு படமே வரைந்தார்.

கர்நாடக சங்கீதத்துக்கும் ஓசையைக் கோடாக்கும் வேலை புதிதல்ல. எட்டயபுரத்தில் 1904இல் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர், சுரத்தை அசைத்தும் இழைத்தும் இசைக்கும் கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்கள் கொடுத்தார். சுரத்தை அசைக்கும் கம்பிதத்துக்கு நெளிகோடு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவுக்கு ஏறும், இறங்கும் சாய்கோடுகள். வித்துவான்களுக்கான நூல்தான்; ஆனாலும் இந்த மூன்று கோடுகளையும் பத்து வயதுப் பிள்ளையும் போட்டுவிடும்.

மலஹரி ராகத்துக் கீதம் அடுத்த பயிற்சிக்குப் பொருத்தம். சுரத்துக்கு ஒன்றாக ஏழு படிகள் வரைந்து பாட்டைக் கேட்டால், ஏறும்போது காந்தாரமும் நிஷாதமும் தாண்டப்படுவது தெரியும். இறங்கும்போது நிஷாதம் மட்டும் விடுபட, காந்தாரத்தில் கால் படும். 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆரோகண அவரோகணத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அந்தச் சுர எழுத்துகள் பாட்டுக்குள் எங்கே இருக்கின்றன என்பது இப்படிப் பிடிபடும்.

கிருதிக்கு வந்தால் நிறம் உதவும். பல்லவிக்குச் சிவப்பு, அனுபல்லவிக்கு மஞ்சள், சரணத்துக்குப் பச்சை. பல்லவி திரும்பும் இடத்தில் சிவப்பை எடுக்கத் தெரிந்த பிள்ளை, பாட்டின் அமைப்பைக் கேட்டுவிட்டது.

ஆபத்தும் உண்டு. படத்தில் விவரம் கூடினால் கண் முந்திக்கொண்டு காது ஓய்ந்துவிடும். ஆகவே முதல்முறை தாளில்லாமல் கேட்க வேண்டும்; இரண்டாம் முறை சில இடங்கள் வெறுமையாக விட்ட படம்; மூன்றாம் முறை பிள்ளையே வரைய வேண்டும். இருவர் படங்கள் வேறுபட்டால் அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்கலாம்.

ஆலாபனைக்குத் தாளமில்லை என்பதால் கட்டமும் இல்லை. வெறுந்தாளில் ஒற்றைக் கோடுதான். தோடி ராகத்தைக் கேட்டு வரைந்தால், காந்தாரத்தில் அது பெரிதாக நெளியும், ஷட்ஜத்துக்கு வந்ததும் நேராகும்.