காமா நைஃப்: கத்தியில்லாத மூளைச் சிகிச்சை

முப்பது வருஷம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். அங்கே இருந்தவர்களில் காது மந்தமாகாதவர்கள் குறைவு. செம்பூரில் இருக்கும் என் மைத்துனரும் அதே ஒர்க்‌ஷாப்தான். "அத்தான், இடது காதிலே போனை வெச்சா ஒண்ணும் கேக்கலே" என்று அவர் ஒரு நாள் சொன்னபோது, "இரும்புச் சத்தத்திலே இருந்தா அப்படித்தான்டா, விடு" என்று சொன்னவன் நான். இரைச்சல் கெடுத்தால் பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்தே கெடுக்கும். ஒன்றை மட்டும் கெடுப்பது அபூர்வம். டிப்ளமோ படித்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நாலு வருஷம் கழித்து நடை தள்ளாடியபோதுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். காது நரம்பில் நாலு சென்டிமீட்டர் கட்டி. புற்றுநோய் அல்ல. ஆனால் மூளைத்தண்டை அழுத்திக்கொண்டிருந்தது. "காமா நைஃப் என்று சொல்கிறார்களே, அதில் முடியாதா?" என்று கேட்டோம். "மூன்று சென்டிமீட்டருக்குள் வந்திருந்தால் யோசித்திருக்கலாம்" என்றார் டாக்டர். மண்டையைத் திறந்து பத்து மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டார். முகத்தின் இடது பக்கம் மட்டும் இன்றுவரை சரியாக அசைவதில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் சிகிச்சையைப் பற்றித் தேடிப் படித்தேன். பெயரில்தான் கத்தி, வெட்டு எதுவும் இல்லை. ஸ்வீடன் நாட்டு மூளை அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951இல் இந்த யோசனையை வெளியிட்டார். கோபால்ட்‌-60 வைத்த முதல் இயந்திரம் 1960களின் இறுதியில் ஸ்டாக்ஹோமில் வந்தது. பின்னாளில் உலகெங்கும் பரவிய மாடலில் 201 கோபால்ட் மூலங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய கதிர் ஒன்று வேறு வேறு திசையில் தலைக்குள் போகிறது. தனிக் கதிரால் வழியில் பெரிய சேதமில்லை. எல்லாம் கூடும் புள்ளியில்தான் வேகம். ஆபீஸ் நேரத்தில் தாதர் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: வெஸ்டர்ன், சென்ட்ரல் இரண்டு லைன் கூட்டமும் சேரும் அந்த இடத்தில்தானே நசுங்குகிறோம்!

தலை அசையாதிருக்க மரப்பு ஊசி போட்டு நாலு திருகுகளால் ஒரு சட்டம் பொருத்துவார்கள். குறி ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்கும். கட்டி மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலோருக்கு வளர்ச்சி நிற்கும், அவ்வளவே. கேள்வி பிறகும் குறையக்கூடும். வருஷா வருஷம் ஸ்கேன் பார்க்க வேண்டும். மூளை ரத்தக்குழாய்ச் சிக்கலுக்குச் செய்தால், அது அடைபட இரண்டு மூன்று வருஷமாகும். அதுவரை ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

இந்த இயந்திரம் நம் ஊருக்குப் புதிதல்ல. மாஹிமிலுள்ள இந்துஜா ஆஸ்பத்திரியில் 1997இலேயே வந்துவிட்டது. தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் டாக்ஸியில் போகிற தூரம்தான். டில்லி எய்ம்ஸிலும் அதே வருஷம் வந்தது. ஆனால் நம் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஜப்பானில் இது ஏறத்தாழ ஐம்பது இடங்களில் இருக்க, இந்தியா முழுவதற்கும் விரல்விட்டு எண்ணலாம். சென்னை அப்பல்லோவில் 2009இல் வந்த சைபர்நைஃப் போல, கோபால்ட் இல்லாமல் இதே வேலையைச் செய்யும் இயந்திரங்களும் உண்டு என்பதால், எண்ணிக்கையை மட்டும் வைத்து நான் வருத்தப்படவில்லை.

பெரிய வித்தியாசம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. ஜப்பானில் எம்.ஆர்.ஐ. மிகுதி. நோய் எதுவும் இல்லாதவர்களே பணம் கட்டி மூளையைப் பரிசோதித்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே உண்டு. கட்டி கடலை அளவில் இருக்கும்போதே அகப்பட்டுவிடுகிறது. டென்மார்க்கில் அப்படிப்பட்ட சிறு காது நரம்புக் கட்டியை உடனே தொடாமல், ஸ்கேன் எடுத்து எடுத்துக் காத்திருப்பார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நுரையீரல், மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவும்போது இந்தச் சிகிச்சை மிகுதியாகப் பயன்படுகிறது. நம் நாட்டிலோ புற்றுநோயல்லாத கட்டிகளும் ரத்தக்குழாய்ச் சிக்கல்களுமே பெரும் பங்கு. அவற்றிலும் பலர் பெரிதான பிறகே வருகிறார்கள். அப்போது முதலில் ஆபரேஷன், மிச்சத்துக்குத்தான் கதிர்.

செலவு கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோபால்ட்டின் வீரியம் ஐந்தே கால் வருஷத்தில் பாதியாகிவிடும். அரை மணியில் முடிந்த சிகிச்சைக்கு ஒரு மணி பிடிக்கும்; பிறகு மூலங்களையே மாற்ற வேண்டும்.

ஆனால் ஒரு காது மட்டும் மந்தம் என்று கண்டுபிடிக்க இயந்திரம் எதுவும் வேண்டாம். போனை இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் போதும். வித்தியாசம் தெரிந்தாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் ஓயாமல் கேட்டாலோ, ஆடியோகிராம் எடுத்துக்கொண்டு காது டாக்டரிடம் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று நாமாகவே கேட்கலாம். ஒருபக்க மந்தம் எல்லாமே கட்டி அல்ல. பெரும்பாலும் வேறு காரணம்தான் இருக்கும்.

என் மைத்துனர் இப்போது வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் காப்பிக்கு முன்னால் இந்தப் பரீட்சை வைக்கிறார். போன மாதம் என்னையும் விடவில்லை. எனக்கு இரண்டு காதும் ஒரே அளவு மந்தம்.