ஒரு மாத்திரைக்கு அடங்காத புழு

பினாங்கில் பல தமிழ் வீடுகளில் பூச்சி மருந்து என்றால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரைதான். மருந்துக்கடையில் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். தோட்டத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்கு ஒரு காலத்தில் விளக்கெண்ணெய்தான் பூச்சி மருந்து. அது வயிற்றைக் கழுவியது, புழுவைக் கொல்லவில்லை. அல்பெண்டசோல் கொல்கிறது, ஆனால் எல்லாப் புழுவையும் அல்ல.

நிபோங் திபால், பத்து காவான் பக்கம் முதலில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன, ரப்பர் பின்னால் வந்தது. கழிப்பிடம் இல்லாத லயங்கள், ஈர மண், வெறுங்கால்: கொக்கிப்புழுவுக்கு வேறென்ன வேண்டும்? 1915இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழுவை மலாயாவுக்கு அனுப்பியது. தோட்டத் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்து, வெளியேறும் மலத்தை அலசிச் சலித்து, புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அன்றைய மருந்துகளில் ஒன்றான கீனோபோடியம் எண்ணெய், அளவு மிஞ்சினால் ஆளையே கொல்லும். அந்த நிலையிலிருந்து ஒரே வேளை மாத்திரைக்கு வந்திருப்பது மருத்துவத்தின் பெரிய சாதனைதான்.

அல்பெண்டசோல் புழுவின் செல்களுக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் கட்டவிடாமல் தடுக்கிறது. குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் புழு பட்டினியால் சாகிறது. ஒரே வேளையில் உருண்டைப்புழு நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குப் போய்விடும். கொக்கிப்புழு ஏறக்குறைய எண்பது பேருக்கு. சாட்டைப்புழுவோ முப்பது பேருக்குத்தான் முழுதாகப் போகிறது. மலேசியாவில் 1974இல் தொடங்கிய பள்ளிப் பூச்சி மருந்துத் திட்டம் 1983இல் நின்றுபோனது. ஒராங் அஸ்லி பழங்குடிப் பிள்ளைகளின் வயிற்றில் இன்னும் அதிகமாக இருப்பது இந்தச் சாட்டைப்புழுதான். திட்டத்தை நிறுத்தியபோது அவர்களையாவது விட்டுவிடாமல் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஸ்ட்ராங்கிலாய்டஸ். ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள நூல்புழு. மண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்து ஏறி, சிறுகுடல் சுவரில் குடியேறும். மற்றக் குடற்புழுக்களில் பெரும்பாலானவற்றின் முட்டைகள் வெளியே போய்த்தான் வளர வேண்டும். இதன் முட்டையோ குடலுக்குள்ளேயே பொரிக்கிறது. குஞ்சுகளில் சில குடல் சுவரையோ ஆசனவாய் அருகே தோலையோ துளைத்து மறுபடி உடம்புக்குள் நுழைகின்றன. மண்ணை மறுபடி மிதிக்காமலே ஆயுள் முழுக்கத் தொற்று நீடிக்கும். பிட்டத்திலும் தொடையிலும் மணிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் அரிப்புத் தடிப்பு ஓர் அடையாளம். பலருக்கு அதுவும் தெரியாது.

1942, 43இல் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் வேலைசெய்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளின் உடலில் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் புழு உயிரோடு இருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் மிதித்ததும் அதே சேற்றைத்தான்.

எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை புழு அடங்கியிருக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டு அவிழ்ந்து, நுரையீரல்வரை பரவி உயிரையே பறிக்கலாம். ஒற்றை வேளை அல்பெண்டசோல் இதற்குச் சரியாக எடுபடாது. ஐவர்மெக்டின்தான் மருந்து, அதைக் கண்டுபிடித்த வில்லியம் கேம்பெலும் சதோஷி ஓமுராவும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மலப் பரிசோதனையில் இந்தப் புழு அடிக்கடி தப்பிவிடும். ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளைக் கொண்டு இதைச் சில நிமிடங்களில் காட்டும் பரிசோதனைப் பட்டையை உருவாக்கியவர்கள், நம் பினாங்கிலேயே உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரஹ்மா நூர்டினின் குழுவினர்.

உங்கள் வீட்டில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் இருந்தால், ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்குமுன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் காரணமில்லாமல் கூடியிருந்தால் இந்தப் புழு இருக்குமா என்று கேளுங்கள். ஐவர்மெக்டினை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்; உடல் எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்லட்டும்.