ஜவ்வு கிழிந்த முழங்கால்

பொங்கலையொட்டி உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் கபடி களை கட்டும். மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆடுவார்கள். பாடிப் போன பையன் சட்டென்று திரும்புகிறான். பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. அந்த நொடியில் யாராவது தொடையைப் பிடித்துவிட்டால் முழங்காலுக்குள் ‘டொப்’பென்று ஒரு சத்தம், அவனுக்கே கேட்கும். சில மணி நேரத்துக்குள் முட்டி பந்தாக வீங்கிவிடும்.

பெரும்பாலும் கிழிந்திருப்பது முன் சிலுவைத் தசைநார். ஆடுகிறவர்கள் ஜவ்வு என்பார்கள். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ள நார் அது. மூட்டின் நடுவே தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைத்து, கீழெலும்பு முன்னால் நழுவாமல் காக்கிறது. நேராக ஓடும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. வெட்டித் திரும்பும்போதுதான் முழுச் சுமையும் அதன்மேல் விழுகிறது.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்றதும் வீட்டில் நிம்மதி. ஆனால் எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. அடுத்து எண்ணெய் உருவல், இல்லையென்றால் ஆந்திரத்துப் புத்தூர் கட்டு என்னும் நாட்டு எலும்பு வைத்தியம். நம் பகுதியில் அந்தக் கட்டின் மேலுள்ள நம்பிக்கை பழையது. எலும்புக்குத் தானாகக் கூடும் இயல்பு உண்டு. முழுதாகக் கிழிந்த இந்த ஜவ்வுக்கு அது குறைவு. சுற்றிலும் மூட்டு நீர் இருப்பதால் கிழிந்த முனைகளுக்கு நடுவே இரத்தம் உறைந்து நிற்பதில்லை. வாரக்கணக்கில் கட்டிப்போட்டால் தொடைத் தசை சூம்பிப்போவதுதான் மிச்சம்.

வீக்கம் வடிந்ததும் பையன் சாதாரணமாக நடப்பான். வரப்பில் திரும்பும்போது மட்டும் முட்டி நழுவும். ஒவ்வொரு நழுவலும் உள்ளேயிருக்கும் குருத்தெலும்பைக் கெடுக்கக்கூடும்.

அடிபட்டவுடன் ஆட்டத்தை நிறுத்தி, துணி சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்திப் படுக்க வேண்டும். முதல் சில நாள் உருவலும் வெந்நீரும் கூடாது. எலும்பு மருத்துவர் முட்டியை லேசாக மடக்கி, கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். எம்ஆர்ஐ அதை உறுதிசெய்யும். எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. மறுபடி கபடி ஆட விரும்புகிறவருக்கு, பெரும்பாலும் அவருடைய தொடையின் பின்புறத் தசைநாணையே எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துவார்கள்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். மூன்றாம் மாதம் வலி போய்விடும். பொருத்திய நாரோ அப்போது இன்னும் பலப்பட்டிருக்காது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அதுவரை உடற்பயிற்சிதான் மருந்து. முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்துவதில் அது தொடங்குகிறது. கடைசியில், ஒற்றைக் காலில் தாவும் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும்.

வராமல் தடுக்கச் செலவே இல்லை. கால்பந்துக்காக 2006இல் ஃபிஃபா உருவாக்கிய ‘11+’ பயிற்சிக்கு 20 நிமிடம் போதும். மெல்லோட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, முட்டி உள்பக்கம் சாயாமல் குதித்து இறங்குவது எல்லாம் அதில் உண்டு. மண்டியிட்டவனின் கணுக்காலை நண்பன் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய்வதும் அதில் ஒன்று. கபடிக் களத்துக்கும் இவை அப்படியே பொருந்தும்.

போட்டி நடத்தும் ஊர் இளைஞர்களே, முதல் ஆட்டத்துக்கு முன் அந்த 20 நிமிடத்தை ஒதுக்குங்கள். முட்டி வீங்கினால் கட்டுப் போடும் முன் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் காட்டிவிடுங்கள்.