வெள்ளைப் பூச்செடியை வெறுங்கையால் தொடாதீர்கள்!



பாகலூர்ச் சாலையோரம், வீடு கட்டாமல் கிடக்கும் மனைகள், ஏரிக்கரை, வரப்பு என்று எங்கு பார்த்தாலும் ஒரு செடி நிற்கிறதே, கவனித்தீர்களா? கேரட் இலை போல இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. அதுதான் பார்த்தீனியம். கன்னடம் பேசும் அக்கம்பக்கத்தார் 'காங்கிரஸ் கிட' என்பார்கள்.

இது நம் மண்ணின் செடி அல்ல. மெக்சிகோ பக்கத்துச் செடி. இந்தியாவில் 1955ல் புனேயில் கண்ணில் பட்டது; பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. ஒரு செடி 10,000 விதைக்கு மேல் போடும். காற்று, வாய்க்கால் தண்ணீர், லாரிச் சக்கரம், மண் லோடு எல்லாமே அதற்கு வாகனம். எல்லைச் சோதனைச் சாவடி அதைத் தடுக்குமா?

இதிலுள்ள நச்சுப்பொருள் பக்கத்துப் புல்லையும் பயிரையும் வளரவிடாது. மேய்ச்சல் குறையும். தின்ற மாட்டின் பாலும் கசக்கும்.

மனிதருக்கு என்ன கெடுதல்?

களை பிடுங்கும் கையில் முதலில் நமைச்சல் வரும். பிறகு கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு தடித்துக் கறுக்கும். சிலருக்கு அதன் மகரந்தத்தால் தும்மலும் மூச்சிரைப்பும் வரும். பல வருஷம் ஒன்றும் செய்யாத செடி, ஒரு நாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும். "நான் எத்தனை வருஷமா பிடுங்குறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று இருந்துவிடாதீர்கள்.

ஒரு கிராமத்தில், முகம் கறுத்த மனைவிக்குத் தட்டும் பாயும் தனியாக வைத்திருந்தார் ஒருவர். "பெருநோயோ என்னவோ, பிள்ளைக்கு ஒட்டிக்குமே, ஐயா" என்றார். அந்த அம்மா தலை நிமிரவில்லை. விசாரித்தால், தினமும் ரோஜாத் தோட்டத்தில் இந்தச் செடியைப் பிடுங்கி வந்தவர்! இந்தச் செடியால் வரும் அரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. கணவன்மார்களே, மனைவியை ஒதுக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

செய்ய வேண்டியவை:

1. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். பூத்த செடியை எருக்குழியில் போடாதீர்கள்.

2. கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூடத் துணி அவசியம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியையும் துவையுங்கள்.

3. அரிப்போ மூச்சிரைப்போ உள்ளவர் இந்த வேலைக்கே போகக்கூடாது. பிள்ளைகளையும் விடாதீர்கள்.

4. பயிர் இல்லாத தரிசில் 1 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பு கரைத்துச் செடிமேல் தெளிக்கலாம். விளைநிலத்தில் வேண்டாம்.

5. மழைக்காலத்தில் இதன் இலையைத் தின்னும் சிறு வண்டைக் கண்டால் கொல்லாதீர்கள். இச்செடியை அழிப்பதற்கென்றே 1984ல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிகோ வண்டு அது, நமக்குத் தோழன்.

தோல் தடித்தால் சுண்ணாம்பு, பச்சிலை என்று பூசாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

உங்கள் வயலில் மட்டும் பிடுங்கினால் போதாது. பக்கத்து மனையின் விதை நாளை உங்கள் வரப்பில் முளைக்கும். தெருவார் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து இறங்குங்கள்.

பூக்கும் முன் பிடுங்குவோம்! குடும்ப நலம் காப்போம்!