மாரியும் மனிதரும் எலியின் வளையும்

மாரி பிறந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் வானத்தை நோக்குகின்றார். அவருடைய வரம்பினுள்ளே வாழும் எலியும் அதே மழைக்கேற்பத் தன் வாழ்வை அமைத்துக் கொள்கின்றது. எலி எங்கே குடியிருக்கும், எப்பொழுது பெருகும் என்பவற்றைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று காலநிலை, மற்றொன்று நமது செயல்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையை நம்பியே நெல் விளைகின்றது. ஆகவே இங்கு ஒரே போகந்தான். கதிர் முற்றும் காலத்தில் எலிக்கு உணவு மிகுதி. அப்பொழுதுதான் அது பெருகுகின்றது. சூல்கொண்ட மூன்று வாரத்தில் பெண்ணெலி குட்டி ஈனும். அக்குட்டிகளும் சில மாதங்களிலே தாயாகிவிடும்.

எலிகள் யாவும் ஒரே இயல்பின அல்ல. வெள்ளெலி வறண்ட, மணற்பாங்கான நிலத்தை விரும்பும். வயலெலி ஈரமண்ணை நாடும், நீந்த வல்லது, கதிரைக் கத்தரித்து வளையிலே சேமித்து வைக்கும். வீட்டெலியோ கூரையிலும் மரமுடியிலும் வாழும். பெருமழையில் தாழ்ந்த வயல்கள் மூழ்கினால், வளையிழந்த எலிகள் உயர்ந்த வரம்புக்கும், பின்னர் வளவுக்கும் வருகின்றன. அறுவடை முடிந்து வயல் வெறுமையானாலும் அவை பட்டினி கிடப்பதில்லை. கோடையிலே கிணற்றுநீர் பாயும் தோட்டங்களும் வீட்டுக் களஞ்சியங்களும் அவற்றுக்குப் புகலிடமாகின்றன.

இனி, நமது பங்கைப் பார்ப்போம். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபின், செம்மண் தோட்டங்கள் பல நெடுங்காலம் பற்றைக்காடாய்க் கிடந்தன. உழுபடாத நிலத்தில் வளை கலையாது. பற்றையின் மறைவில் எலியைப் பருந்தும் காணாது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கெனப் பனைகள் எண்ணிறந்து தறிக்கப்பட்டன. முதிர்ந்த மரப்பொந்துகள் ஆந்தைக்கு இல்லம். மரம் வீழ்ந்தால் காவற்காரனும் வீடிழக்கின்றான். சாரைப்பாம்பைக் கண்டவிடத்து அடிப்பதும், நஞ்சுண்ட எலியை வெளியில் எறிவதும் இதே தவற்றின் வேறு வடிவங்களே. அந்த எலியைத் தின்னும் கூகையும் மடியக்கூடும்.

இது விளைச்சல் நட்டத்தோடு முடியும் செய்தியன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கொட்டிய பெருமழையால் குடாநாடு வெள்ளத்தில் ஆழ்ந்தது. அடுத்து வந்த திசெம்பரில் எலிக்காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. எலியின் சிறுநீரிலுள்ள கிருமி தேங்கிய நீரிலும் சேற்றிலும் கலந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலுள் நுழைகின்றது. வெள்ளத்துக்குப்பின் சேற்றில் இறங்குவோர் காலணி அணிவதும், சுகாதாரப் பகுதியினர் தரும் தடுப்பு மருந்தைத் தவறாது உட்கொள்வதும், காய்ச்சல் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்வதும் கடமை.

செய்யத்தக்கது யாது? வரம்பைச் சிறிதாக அமையுங்கள்; ஓரடிக்கு மேல் அகலமும் உயரமும் இல்லாத வரம்பில் எலி வளை தோண்டுவது அரிது. பற்றைகளை வெட்டித் துப்புரவாக்குங்கள். அயலவர் அனைவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விதையுங்கள்; விதைப்பு முன்பின்னாக நீண்டால் எலியின் இனப்பெருக்கக் காலமும் நீளும். கதிர் வந்தபின் பொறிவைப்பதிலும், எலித்தொகை குறைந்திருக்கும் பயிரின் தொடக்கத்தில் வைப்பதே பயன் மிக்கது. மின்கம்பி கட்டுவது மட்டும் ஒருபோதும் வேண்டாம். அது எலியையும் மனிதரையும் வேறுபடுத்தி அறியாது.

இவற்றுள் எதுவும் ஒருவர் தனித்துச் செய்து முடிக்கத்தக்கதன்று. நமது காணிக்கு வேலியுண்டு. எலிக்கு அந்த எல்லை தெரியாது. ஒருவர் வயலிலிருந்து துரத்தப்பட்ட எலி, அடுத்தவர் வயலிலே குட்டி ஈன்று மீண்டும் வந்து சேரும். மழையை நாம் மாற்ற இயலாது. வரம்பும் பற்றையும் மரமும் நம் கையில் உள்ளன. அடுத்த மாரி வருமுன் ஊர்கூடி அவற்றைச் சீர்செய்தால், விளைவின் பெரும்பங்கு வீடு வந்து சேரும்.